கணக்கு அலுவலகமும் பௌபஜார் வீதியும்

உத்தியோகத்தின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்திற்குச் செல்லும் இளைஞன், முதல் மாதச் சம்பளம் கைக்கு வருமுன்னரே ஓர் உண்மையை உணர்ந்து கொள்கிறான். அவன் பெற்ற பட்டமும், பரீட்சையில் அடைந்த இடமும் அவனை அலுவலகத்தின் வாயில்வரை கொண்டுவந்து சேர்த்துவிடும்; அதற்கு அப்பால் அவனை அறிந்தவர் ஒருவரும் இல்லை. சொந்த ஊரில் இன்னாருடைய மகன், இன்னாருடைய மாணாக்கன் என்று சொன்னால் போதும். புதிய நகரத்தில் அந்தச் சொற்களுக்கு மதிப்பில்லை. தான் யார் என்பதை அவன் முதலிலிருந்து நிலைநாட்டியாக வேண்டும்.

இத்தகைய நிலையில் ஒருவன் தன் தொழிலுக்கு உதவும் மனிதர்களைத் தேடித் தொடர்பு கொள்வதை ஆங்கிலத்தில் இக்காலத்தவர் 'நெட்வொர்க்கிங்' என்று வழங்குகிறார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இச்சொல் ஒரு தொல்லை. 'வலைப்பின்னல்' என்று எழுதினால் மீன் பிடிக்கும் நினைவு வருகிறது. 'சிபாரிசு' என்றால் பொருள் தாழ்ந்துவிடுகிறது. 'செல்வாக்கு' என்றால் மிகுந்துவிடுகிறது. ஆனால் நம்முடைய பேச்சு வழக்கிலேயே பொருத்தமான சொல் ஒன்று இருக்கிறது. அது 'பழக்கம்' என்பதாகும். நாள்தோறும் தவறாமல் ஒன்றைச் செய்து வருவதையும் பழக்கம் என்கிறோம். ஒருவரை நெருங்கி அறிந்திருப்பதையும் பழக்கம் என்கிறோம். இவ்விரண்டும் ஒரு சொல்லில் அடங்கியிருப்பது தற்செயல் அன்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நாள்தோறும் செய்யும் காரியமே நிலையான மனிதத் தொடர்பை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்றாக, கல்கத்தாவுக்கு உத்தியோகம் பார்க்கச் சென்ற ஒரு தமிழ் இளைஞரின் வரலாற்றை இங்கே எடுத்துக்கொள்வோம். அவர் சந்திரசேகர வேங்கட ராமன்.

நோபெல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமனை உலகம் அறியும். பரிசு பெறுவதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் எவருமறியாத ஓர் இளம் கணக்கு அதிகாரி. அந்தப் பருவத்தைப் பற்றியே நாம் இங்கு பேசுகிறோம்.

ராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தவர். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணி ஏற்றுச் சென்றமையால், இளமையிலேயே வேற்று மொழி வழங்கும் ஊரில் வளரும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1904-இல் பி.ஏ. பட்டமும் 1907-இல் எம்.ஏ. பட்டமும் முதன்மையாகப் பெற்றார். 1906 நவம்பரில், பதினெட்டு வயது நிறையும் வேளையில், ஒளி பற்றிய அவருடைய கட்டுரை ஒன்று இங்கிலாந்தின் 'பிலசாபிகல் மேகசின்' என்னும் ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியாயிற்று.

இவ்வளவு தகுதி பெற்ற இளைஞனுக்கு அக்காலத்து இந்தியாவில் ஆராய்ச்சித் துறையில் வழி இல்லை. கல்லூரிகளின் உயர்ந்த ஆசிரியப் பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர் வசம் இருந்தன. மேல்நாடு சென்று படிக்கலாமென்றால், இங்கிலாந்தின் தட்பவெப்பம் இவ்வுடல் நிலைக்கு ஒவ்வாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். எஞ்சியிருந்தது அரசாங்கத்தின் நிதித் துறை. சிவில் சர்வீஸ் தேர்வு இலண்டனில் நடந்துவந்த அந்நாளில், நிதித் துறைத் தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். ராமனின் தமையனார் சுப்பிரமணிய ஐயர் ஏற்கெனவே அத்துறையில் சேர்ந்திருந்தார். ராமனும் தேர்வெழுதி முதலிடம் பெற்றார். 1907-ஆம் ஆண்டின் நடுவில், புதிதாக மணம்புரிந்த மனைவி லோகசுந்தரி அம்மையாருடன், அன்று இந்தியாவின் தலைநகராயிருந்த கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் பதவியில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

நல்ல பதவி, நல்ல சம்பளம், அரசாங்க மதிப்பு எல்லாம் இருந்தன. அத்துடன் அமைதி கொண்டு, கோப்புகளைப் பார்த்துப் படிப்படியாக உயர்ந்து, ஓய்வுச் சம்பளம் பெற்று ஊர் திரும்பியிருக்கலாம். அப்படிச் செய்தவர்கள் பலர்; அதில் குறை ஒன்றும் இல்லை. ஆயினும் ராமனின் மனத்தில் விஞ்ஞானம் பசியாக நின்றது. அந்தப் பசிக்கு உணவளிக்கக்கூடிய ஒருவரைக்கூட அந்த நகரத்தில் அவர் அறியார்.

ஒருநாள் டிராம் வண்டியில் செல்லுகையில் பௌபஜார் வீதி 210-ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. 'இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் அதில் எழுதியிருந்தது. அவர் இறங்கிச் சென்று கதவைத் தட்டினார்.

அந்தக் கதவுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. சங்கத்தை 1876-ஆம் ஆண்டில் நிறுவியவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் வங்காள மருத்துவர். இந்தியர் தம் சொந்தப் பொருளால், தம் சொந்த நிருவாகத்தில், விஞ்ஞானத்தைப் பயிலவும் ஆராயவும் ஓர் இடம் வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் வேட்கை. நன்கொடை திரட்டிக் கட்டடம் எழுப்பினார், கருவிகள் வாங்கினார், பாதர் லாபோன் போன்ற அறிஞர்களைக் கொண்டு விரிவுரைகள் நடத்தினார். கேட்க வந்தவர்கள் உண்டு. ஆனால் தங்கி ஆராய முன்வந்த இளைஞர் அரியர். தம் முயற்சி கைகூடவில்லையே என்ற மனக்குறையுடனேயே அவர் 1904-இல் மறைந்தார். அவருக்குப் பின் மகனார் அமிர்தலால் சர்க்கார் கௌரவச் செயலாளராகப் பொறுப்பேற்றுக் கட்டடத்தையும் கருவிகளையும் காத்துவந்தார். இடம் தேடி அலைந்த மனிதர் ஒருபுறம், மனிதரைத் தேடிக் காத்திருந்த இடம் ஒருபுறம் என்றிருந்த நாளில்தான் ராமன் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் டே என்பவர். ஆசு பாபு என்று அவரை அழைப்பார்கள். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதியாதவர்; சங்கத்தின் உதவியாளர். அவர் ராமனை அமிர்தலாலிடம் அழைத்துச் சென்றார். வந்த இளைஞர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அலுவலக நேரம் போக எஞ்சிய நேரத்தில் இங்கே ஆராய்ச்சி செய்ய இடங்கொடுப்பீர்களா என்பதே. சம்பளம் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை, எவரிடமிருந்தும் கடிதம் கொண்டுவரவில்லை. அமிர்தலால் மகிழ்ச்சியுடன் இடமளித்தார்.

இந்த முதற் சந்திப்பை எண்ணிப் பார்த்தல் நலம். புதிய ஊரில் நாம் பெரும்பாலும் நமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு செல்கிறோம். ராமன் கேட்டதோ உழைப்பதற்கு இடம். அந்தச் சங்கத்தின் நீண்ட நாளைய குறையை நிரப்புவதாக அவருடைய வேண்டுகோள் அமைந்தது. இரு தரப்பாரும் ஒருங்கே பயன்பெறும் இத்தகைய தொடர்பில் ஒருவர் மற்றவர்க்குக் கடன்பட்டவராக ஆவதில்லை. ஆகையால் அது நெடுநாள் நிலைக்கிறது.

அன்று தொடங்கியது ஒரு நாளொழுங்கு. அதிகாலையில் சங்கத்துக்குச் செல்வார். பத்து மணியை ஒட்டி வீடு திரும்பி, குளித்து, விரைவாக உண்டு, அலுவலகம் செல்வார். மாலை அலுவலகம் முடிந்ததும் நேரே மீண்டும் சங்கம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து மணி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் முழுவதும் அங்கேதான். இதை ஓராண்டு ஈராண்டு அல்ல, கல்கத்தாவில் கணக்கு அதிகாரியாயிருந்த காலம் முழுவதும் செய்தார். இதற்காகத் தம் அலுவலகக் கடமையை அவர் குறைத்துக்கொண்டதாக ஒருவரும் கூறவில்லை. துறையில் அவருக்கு நற்பெயரே இருந்தது.

சேர்ந்த சில மாதங்களுக்குள், 1907 அக்டோபரில், அவருடைய குறிப்பு ஒன்று 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்தது. 1909-இல் சங்கம் தன் ஆராய்ச்சிகளை வெளியிடத் தனியே ஓர் ஏட்டைத் தொடங்கிற்று. பௌபஜார் வீதியில் நடப்பதை இலண்டனில் உள்ளவர்களும் அறியத் தொடங்கினார்கள். கடல் கடந்த அறிஞர்களோடு ராமனுக்கு ஏற்பட்ட பழக்கம் விருந்துகளால் உண்டானதன்று. அச்சிட்ட கட்டுரையே அவருடைய அறிமுகக் கடிதமாயிற்று. முகம் பாராமலே ஒருவருடைய வேலையை மற்றொருவர் படித்து மதிக்கும் இந்த உறவு விஞ்ஞானத்திற்கு மட்டும் உரியதன்று. கையெழுத்திட்டு அனுப்பும் ஒவ்வொரு கோப்பும், ஒவ்வோர் அறிக்கையும் எங்கோ இருக்கும் ஒருவரிடம் நம்மை அறிமுகம் செய்துகொண்டேதான் இருக்கிறது.

வங்காளத்தின் மண்ணையும் அவர் புறக்கணிக்கவில்லை. வங்கத்துப் பாவுல் பாடகர்கள் கையில் ஏந்திப் பாடும் ஒற்றைத் தந்தி வாத்தியமான ஏக்தாராவை ஆராய்ந்து 1909-இல் ஒரு கட்டுரை எழுதினார். வீணை, மிருதங்கம், தம்புரா ஆகியவற்றைப் பற்றிய ஆராய்ச்சிகள் பின்னர் வந்தன. தமிழ்நாட்டிலிருந்து சென்றவர் தம் ஊர் வாத்தியத்திற்கு முன் குடிபுகுந்த நாட்டின் வாத்தியத்தைக் காது கொடுத்துக் கேட்டார் என்பது கவனிக்கத்தக்கது.

ஆசு பாபுவுடன் அவர் கொண்ட தொடர்பு மேலும் அழகியது. பதவியிலும் படிப்பிலும் இருவருக்கும் பெரிய இடைவெளி. ஆனால் கருவிகளை இயக்குவதிலும், சோதனைகளை அமைப்பதிலும் ஆசு பாபுவின் கைத்திறனை ராமன் அறிந்து மதித்தார். ஓசையின் அதிர்வெண்ணை அளக்கும் முறை ஒன்றைப் பற்றி ஆசுதோஷ் டேயின் பெயரில் எழுதப்பட்ட கட்டுரை இலண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் இடம்பெற்றது. கதவைத் திறந்துவிட்ட உதவியாளரின் பெயர், உலகின் பெருமதிப்பு வாய்ந்த ஆராய்ச்சி ஏடுகளில் ஒன்றில் அச்சாயிற்று. தொழிலில் நம்மை உயர்த்துவோர் மேலே இருப்பவர்கள்தாம் என்று எண்ணி, உடனிருந்து உழைப்பவர்களைக் காணாது போவோர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

பழக்கத்தின் வலிமையைச் சோதிக்க மாற்றல் உத்தரவைவிடச் சிறந்த கருவி இல்லை. மத்திய அரசுப் பணியில் இருப்போர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1909-இல் ராமனை ரங்கூனுக்கு மாற்றினார்கள், 1910-இல் நாகபுரிக்கு. இடையே தந்தையார் மறைந்தார். அப்போது சென்னைக்கு வந்திருந்த நாட்களிலும் மாநிலக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். சென்ற ஊர்களில் எல்லாம் வீட்டின் ஒரு பகுதியே ஆய்வுக்கூடமாயிற்று. 1911-இல் தபால் தந்திக் கணக்குத் துறையில் அமர்த்தப்பெற்று மீண்டும் கல்கத்தா வந்தபோது, சங்கத்திற்கு அடுத்த வீட்டிலேயே குடியேறினார். இரண்டுக்கும் இடையே கதவு ஒன்றும் அமைந்தது. 1912-இல் கர்சன் ஆராய்ச்சிப் பரிசும், 1913-இல் வுட்பர்ன் ஆராய்ச்சிப் பதக்கமும் அவரை நாடி வந்தன.

இவ்வாறு நாள்தோறும் நடந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் சர் ஆசுதோஷ் முகர்ஜி. உயர்நீதிமன்ற நீதிபதி, 1906 முதல் 1914 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், தாமே கணித மேதை. இளமையில் அந்தப் பௌபஜார் சங்கத்தில் அவரும் விரிவுரை ஆற்றியிருந்தார். ஆகவே அங்கே நடப்பது அவருக்குத் தெரியாமல் போகவில்லை. தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகிய வழக்கறிஞர் இருவரின் பெருங்கொடையைக் கொண்டு 1914-இல் அவர் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரிக்கு அடித்தளம் இட்டார். பௌதிகத்திற்குரிய பாலித் பேராசிரியர் பதவிக்கு அவர் தேர்ந்தெடுத்தவர், கல்லூரி எதிலும் ஆசிரியராயிராத இந்தக் கணக்கு அதிகாரியை.

அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டிற் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பயிற்சிக்காக வெளிநாடு செல்ல ராமன் உடன்படவில்லை. ஆசுதோஷ் முகர்ஜி அந்த விதியைத் தளர்த்தச் செய்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தமையால், அரசாங்கப் பணியிலிருந்து விடுபட்டு 1917-ஆம் ஆண்டிலேயே ராமனால் பதவி ஏற்க முடிந்தது. சம்பளம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வளமான அரசாங்க உத்தியோகத்தை விட்டு வந்த துணிவை ஆசுதோஷ் முகர்ஜி பொது மேடையிலேயே பாராட்டினார்.

இதனைச் சிபாரிசு என்று கூறலாமா? கூறலாம். ஒரு பெரியவர் தம் செல்வாக்கைப் பயன்படுத்தி ஒருவருக்காக விதியைத் தளர்த்தினார் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சிபாரிசுக்கு முன்னால் பல ஆண்டு உழைப்பு இருந்தது. அதனை ஊர் பார்த்திருந்தது. அச்சிட்ட ஏடுகள் சான்று பகர்ந்தன. எவரும் சோதித்துப் பார்க்கக்கூடிய வேலையை முன்வைத்து எழும் பரிந்துரை வேறு. வேலைக்குப் பதிலாக வரும் பரிந்துரை வேறு.

1919-இல் அமிர்தலால் சர்க்கார் காலமானார். சங்கத்தின் கௌரவச் செயலாளர் பொறுப்பு ராமனிடம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கதவைத் தட்டியவர் இப்போது கதவைத் திறந்துவிட வேண்டியவரானார். திறந்துவிடவும் செய்தார். பின்னாளில் நம் நாட்டு வானொலி விஞ்ஞானத்துக்கு அடிகோலிய சிசிர் குமார் மித்ரா, இளமையில் ராமனோடு ஒளி ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். தென்னாட்டிலிருந்தும் இளைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். பாலக்காட்டைச் சேர்ந்த கே. ஆர். ராமநாதன் வந்தார், இவர் பிற்காலத்தில் ஆமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநரானார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1920-இல் கல்கத்தாவுக்குப் படிக்க வந்து, 1923-இல் சங்கத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். இவர் பின்னர் டில்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநராக விளங்கினார்.

இவர்களிடையே அதிகம் பேசப்படாத ஒருவர் எஸ். வேங்கடேசுவரன். அலிப்பூரில் இருந்த அரசாங்கச் சோதனைச் சாலையில் இரசாயன உத்தியோகம் பார்த்தவர். பகலில் அரசாங்க வேலை. எஞ்சிய நேரத்தில் சங்கத்தில் ஆராய்ச்சி. ராமன் நடந்த அதே வழியில் நடந்தவர். தூய்மைப்படுத்திய கிளிசரினில் சூரிய ஒளியைச் செலுத்தியபோது, சிதறிய ஒளி வழக்கமான நீலமாக இராமல் பச்சை சாயலாகத் தோன்றுவதை 1928-இன் தொடக்கத்தில் அவர் கண்டார். பல ஆண்டுகளாக அச்சங்கத்தில் நடந்துவந்த ஆராய்ச்சிக்கு இது புதிய வேகம் அளித்தது. ராமனும் கிருஷ்ணனும் பல திரவங்களைச் சோதித்தனர். அவ்வாண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி ராமன் விளைவு ஐயமின்றி உறுதிப்பட்டது. 1930-இல் நோபெல் பரிசு வந்தது. அலுவலக நேரத்திற்குப் பின் விளக்கேற்றி வேலை செய்தவர்களின் பரம்பரை ஒன்று அந்தப் பரிசுக்குப் பின்னால் நிற்கிறது.

வரலாற்றை இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் முழு உண்மையாகாது. 1933-இல் ராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகச் சென்றார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. சென்ற பின்னும் பௌபஜார் சங்கத்தின் போக்கில் தம் கை இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். வங்காளத்து மருத்துவர் ஒருவரின் கனவில் உருவாகி, வங்காளச் செல்வர்களின் நன்கொடையில் வளர்ந்த நிறுவனம் வெளியார் வசமாகிவிட்டதோ, தென்னாட்டு இளைஞர்களுக்கே முன்னுரிமை கிடைக்கிறதோ என்ற மனத்தாங்கல் உள்ளூரில் எழுந்திருந்தது. 1934-இல் கருத்து வேறுபாடு வெளிப்பட்டு, சங்கத்தோடு அவருக்கிருந்த இருபத்தேழு ஆண்டுத் தொடர்பு முறிந்தது. அவர் பெங்களூரிலேயே அவ்வாண்டு இந்திய விஞ்ஞான அகாடெமியை நிறுவித் தம் வேலையைத் தொடர்ந்தார்.

எந்தத் தரப்பில் நியாயம் மிகுதி என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. ராமனின் உழைப்பு இல்லையேல் அந்தச் சங்கம் உலகப் புகழ் பெற்றிராது. அந்தச் சங்கம் இல்லையேல் ராமன் சிறந்த கணக்கு அதிகாரியாக ஓய்வு பெற்றிருப்பார். இரண்டும் உண்மை. ஆனால் வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. நாம் குடிபுகுந்த இடத்தில் நம் திறமை மதிக்கப்படும்போது, அந்த இடத்தைக் கட்டி எழுப்பிய கைகள் வேறு என்பது எளிதில் மறந்துபோகும். நம்மவர் ஒருவரை அழைத்து வருவது இயல்பு, அது பழியன்று. ஆயினும் அழைத்து வந்தவர்கள் ஒரு தனிக் கூட்டமாக நின்றுவிட்டால், முன்னமே அங்கிருந்தவர்களின் உள்ளத்தில் ஒரு கதவு மெல்லச் சாத்தப்படுகிறது. பழக்கம் என்பது ஒருமுறை பெற்றுப் பெட்டியில் வைத்துப் பூட்டும் பொருளன்று. நாள்தோறும் செய்தால்தான் அது பழக்கம்.

ஆயினும் முறிவோடு அந்த வரலாறு முடியவில்லை. சங்கம் 1933-இல் நிறுவனர் மகேந்திரலால் சர்க்காரின் பெயரால் ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்திய போது, அதற்கு அழைக்கப்பட்ட முதல்வர் கே. எஸ். கிருஷ்ணன். இடையில் டாக்காப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவிட்டு மீண்ட அவர், 1942 வரையில் அந்தப் பதவியில் இருந்து ஆராய்ச்சிகளை நடத்தினார். மனத்தாங்கல் சூழ்ந்திருந்த அந்நாளிலும், வத்திராயிருப்புத் தமிழரைக் கல்கத்தாவின் அறிஞர்கள் தம்மவராகவே ஏற்றுக்கொண்டார்கள்.

பௌபஜார் வீதி இன்று பிபின் பிகாரி கங்குலி வீதி என்ற பெயர் பெற்றிருக்கிறது. சங்கம் ஜாதவ்பூருக்கு இடம் பெயர்ந்துவிட்டது. பிப்ரவரி 28-ஆம் நாளை நாடு தேசிய விஞ்ஞான நாளாகக் கொண்டாடுகிறது. அந்நாளில் ராமனின் பெயரைக் கூறும்போது, மாலை வேளைகளில் அவருக்காக விளக்கை ஏற்றி வைத்திருந்த ஆசு பாபுவையும், முன்பின் அறியாத இளைஞருக்கு இடமளித்த அமிர்தலாலையும் நாம் சேர்த்து நினைப்பது தகும். புதிய ஊருக்கு வந்திருக்கும் இளைஞர்கள், உழைக்க இடம் கிடைக்குமா என்று கேட்டுக் கதவைத் தட்டத் தயங்க வேண்டாம். அவ்வூரில் நெடுநாளாய் நிலைபெற்றுவிட்ட நம் போன்றவர்கள், தட்டும் ஓசை கேட்டால் எழுந்து சென்று திறப்போமாக.